சத்தம் கேட்டது, சொன்னது விளங்கவில்லை

கேள்வி: ஐயா, உப்புவெளியில் கடற்கரையோரமாக உள்ள ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மூன்று மாடிக் கட்டடம். கீழே 28 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் ஒரு விழா மண்டபம். தரை முழுக்க டைல்ஸ், கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேடைக்கு இரு பக்கமும் இரண்டு பெரிய ஸ்பீக்கர். போன மாதம் நெருப்புப் பயிற்சி செய்தபோது குரல் எச்சரிக்கைக் கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மண்டபத்தில் இருந்தவர்கள் என்னிடம் வந்து "என்ன பிள்ளை சொன்னது?" என்று கேட்டார்கள். சமையலறையில் இருந்தவர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவியைப் பூட்டித் தந்தவர்கள் பெரிய ஆம்பிளிபயரும், பின்சுவரில் இன்னும் இரண்டு ஸ்பீக்கரும் போட வேண்டும் என்கிறார்கள். பெண் குரல் எடுபடாது, ஆண் ஒருவரை வைத்துப் பேசுவோம் என்கிறார் முகாமையாளர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சொல்ல வேண்டும். தமிழ்ச் செய்தியை நான்தான் எழுதினேன், இணைத்திருக்கிறேன். எதைத் திருத்த வேண்டும்?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் நேரான பதில். பெரிய ஆம்பிளிபயர் வேண்டாம். உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது மண்டபத்தின் முழக்கத்திலும் (சுவர், தரை, கூரையில் பட்டுத் திரும்பத் திரும்ப வந்து நீளும் சத்தம்), எழுதிவைத்த வசனத்திலும்தான். மண்டபத்தைத் திருத்தக் காசு வேண்டும். வசனத்தை ஒரு சதம் செலவில்லாமல் இந்தக் கிழமையே மாற்றிவிடலாம்.

"என்ன பிள்ளை சொன்னது?" என்று கேட்டவர்களுக்குச் சத்தம் நன்றாகக் கேட்டிருக்கிறது. கேட்காதவர்கள் எழும்பி வந்து விசாரிக்க மாட்டார்கள். கேட்பது வேறு, விளங்குவது வேறு. பள்ளிக்கூடத்தில் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று படித்தோம் அல்லவா? பேச்சில் சத்தத்தின் பலம் பெரும்பாலும் உயிரில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்தில் பெரும்பங்கு மெய்யில் இருக்கிறது. ஆ, ஓ போன்றவை தடித்து நீண்டு ஒலிக்கும். க், ச், ட், த், ப் எல்லாம் சத்தம் மெலிந்தவை, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுபவை. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸ் முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையிலான மேல் சுருதிகளில் இருக்கிறது. தூரம், காற்று, முழக்கம், இரைச்சல் எது வந்தாலும் முதலில் பலியாவது மெய்தான்.

திருவிழா நாளில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெடரிக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள். மேலே இருந்து ஒலிபெருக்கியில் அறிவித்தல் வரும். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்பது விளங்கிவிடும், ஏனென்றால் அந்த வசனத்தை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். பிள்ளை போட்டிருப்பது சிவப்புச் சட்டையா கறுப்புச் சட்டையா என்பது விளங்காது. இரண்டுமே மூன்று அசை (சி-வப்-பு, க-றுப்-பு), இரண்டுமே 'ப்பு' என்று முடிகின்றன. காதுக்கு எட்டுவது வெறும் 'உ… உ…' என்ற இழுவைதான். பழகிய வசனத்தை மனம் தானே நிரப்பிக்கொள்ளும், புதிய தகவலை நிரப்ப முடியாது. அவசர அறிவித்தலில் உயிரைக் காப்பாற்றப்போவது அந்தப் புதிய தகவல்தான்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையால் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று போனது. "பொதுமக்களுக்கோர் அறிவித்தல்" என்பது மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டது. எங்கே போய்த் தங்க வேண்டும் என்ற இடம் வருவதற்குள் வாகனம் அடுத்த முடக்கில் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் இதே ஒலி அமைப்பு வேலை செய்கிற எனக்கும் அந்த இடத்தின் பெயர் பிடிபடவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தை யாராவது கேட்டால் நீட்டி எழுதாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இனி நீங்கள் எழுதிய செய்தி. வாசகர்களுக்கும் தெரியட்டும் என்று அப்படியே தருகிறேன்:

"பெருமதிப்புக்குரிய விருந்தினர்களே, தவிர்க்க முடியாத ஒரு சூழ்நிலை காரணமாக, தயவுசெய்து அமைதியைப் பேணி, மின்தூக்கிகளைப் பயன்படுத்துவதைத் தவிர்த்து, அருகிலுள்ள அவசர வெளியேறும் வழிகளினூடாகக் கட்டடத்தை விட்டு வெளியேறி, கடற்கரைப் பக்கமாக உள்ள ஒன்றுகூடும் இடத்தை வந்தடையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

எழுத்தில் இதில் ஒரு பிழையும் இல்லை. மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தேன், ஏறக்குறைய இருபது விநாடி எடுத்தது. கேட்பவரை எழும்பிப் போகச் சொல்லும் முதல் சொல், 'வெளியேறி', பதின்மூன்றாவது விநாடி அளவில்தான் வருகிறது. தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வரும். அது நம் மொழியின் அழகு, ஆனால் அவசரத்தில் அதற்கு இடம் கொடுத்துத்தான் எழுத வேண்டும். வசனம் நீண்டால் வினை அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளப்படும். அந்தப் பதின்மூன்று விநாடியும் சனம் கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்கும். ஒரு வசனத்துக்கு இரண்டு அல்லது மூன்று சொல், முடிவில் ஒரு வினை, பிறகு ஒரு நொடி மௌனம். இதுதான் அளவு.

அடுத்தது இதைவிட முக்கியம். 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஓர் உயிர்தான் வித்தியாசம், அதுவும் கடைசி அசையில், அதுவும் குரல் தாழும் இடத்தில். முழக்கமுள்ள ஒரு கட்டடத்தில் "லிப்டைப் பயன்படுத்த வேண்டாம்" என்று ஓடவிட்டு, வெவ்வேறு மூலையில் நின்றவர்களிடம் கேட்டதை எழுதித் தரச் சொன்னேன். 'வேண்டும்' என்று எழுதித் தந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் காதில் பிழை இல்லை. 'போங்கள்', 'போகாதீர்கள்' என்பதும் இதே ஆபத்துத்தான். தமிழில் மறுப்பு வினையின் வாலில் வருகிறது; மண்டபம் முதலில் விழுங்குவது வாலை. அதனால் செய்யக்கூடாத எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். லிப்ட் என்ற சொல்லே செய்தியில் வரக்கூடாது. படி, படி என்று மட்டும் சொல்லுங்கள். லிப்டைப் பற்றிய எச்சரிக்கையை லிப்ட் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எச்சரிக்கை மணி அடித்ததும் லிப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கும்படி பூட்டித் தரவும் முடியும், உங்கள் லிப்டைப் பராமரிப்பவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் செய்தியில் என்னைக் கவலைப்பட வைத்த சொல் 'கடற்கரைப் பக்கம்'. நெருப்பென்றால் எல்லோரையும் கடற்கரைப் பக்கத்துப் புல்தரைக்கு அனுப்புகிறீர்கள், இடம் விசாலமாக இருக்கிறது, சரி. ஆனால் நீங்கள் இருப்பது உப்புவெளி. 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை இந்தக் கரைக்கு வந்தது. 2012 ஏப்ரல் 11 பின்னேரமும் சுனாமி எச்சரிக்கை வந்து கரையோரச் சனம் முழுக்க உள்ளே ஓடியது. அன்று பெரிய அலை வரவில்லை. நாளைக்கு அதே ஸ்பீக்கரில், அதே குரலில், "கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்" என்று நீங்கள் சொல்ல வேண்டி வரும். வால் விழுங்கப்பட்டால் மிஞ்சுவது 'கடற்கரைப் பக்கம்'. பயிற்சியில் பழகிய கால்கள் தாமாகவே அங்கே போகும். ஆகவே ஒன்றுகூடும் இடத்தை வீதிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தின் ஒரு பகுதியை ஒதுக்கினாலும் போதும். கடல் என்ற சொல் எந்த அறிவித்தலிலும் வர வேண்டாம்.

சொற்களை நான் இப்படித்தான் தேர்வேன். 'தீ' ஓர் அசைச் சொல், ஒரு கதவு அடிபட்டாலே மறைந்துவிடும். 'நெருப்பு' மூன்று அசை. இங்கே எல்லோருடைய வாயிலும் வருகிற சொல்லும் அதுதான். 'மேலே', 'கீழே' இரண்டையும் இரண்டு செய்தியில் போட்டால் குழப்பம், இரண்டும் 'ஏ' என்றே முடிகின்றன. 'வெளி'யும் 'வழி'யும் ஒரே செய்தியில் வரக்கூடாது, ஏனென்றால் பேச்சில் நம்மில் பலர் ழகரத்தை ளகரமாகவே சொல்கிறோம், மிச்சமிருப்பது முதல் உயிரின் வித்தியாசம் மட்டும். திசைப் பெயர் வேண்டவே வேண்டாம். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நான்கும் 'கு' என்று முடிகின்றன, அதோடு நிலாவெளிக்குச் சுற்றுலா வந்தவருக்கு எது வடக்கு என்று எப்படித் தெரியும்? இருபதும் அறுபதும் மண்டபத்தில் ஒன்றுதான், இலக்கம் சொல்ல வேண்டி வந்தால் 'ஆறு, சைபர்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

நெருப்புக்கு:

"கவனியுங்கள். கட்டடத்தில் நெருப்பு. வெளியே வாருங்கள். படியால் வாருங்கள். வீதிக்கு வாருங்கள்."

சுனாமிக்கு:

"கவனியுங்கள். சுனாமி எச்சரிக்கை. மேலே ஏறுங்கள். மூன்றாம் மாடிக்கு ஏறுங்கள்."

ஒன்றில் 'வாருங்கள்' மட்டும், மற்றதில் 'ஏறுங்கள்' மட்டும். மெய் முழுக்கத் தேய்ந்து போனாலும் 'ஆ' என்ற ஒலியும் 'ஏ' என்ற ஒலியும் மிஞ்சும், அந்த ஒன்றை வைத்தே பயிற்சி எடுத்தவர் எந்தச் செய்தி என்று பிடித்துக்கொள்வார். சுனாமிக்கு மூன்றாம் மாடியா, வீதியைத் தாண்டி உள்ளேயா என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்கக் கூடாது. மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவோடு பேசி, உங்கள் கட்டடத்துக்கு அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் செய்தியில் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்தின் அவசர இலக்கம் 117, வரவேற்பு மேசையில் ஒட்டி வையுங்கள்.

மரியாதை குறைந்துவிடுமோ என்று முகாமையாளர் கேட்பார். 'வாருங்கள்' என்பதில் உள்ள 'ங்கள்' போதுமான மரியாதை. 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று எழுதியது சனம் பதறக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் என்று தெரிகிறது. ஆனால் நெருப்பு விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. கும்பலாகப் பதறி ஓடுவது அபூர்வம். நம்பாமல், விளங்காமல், நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வழக்கம். முப்பது வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் இதைப் பரிசோதித்தார்கள். வெறும் மணி மட்டும் அடித்தபோது கால்மணி நேரம் போயும் நிலையம் காலியாகவில்லை. என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நேராகச் சொன்னபோது ஆறு நிமிடத்துக்குள் காலியானது. உண்மையைச் சொன்னால் சனம் நடக்கும்.

மூன்று மொழி விஷயம் இப்போது எளிதாகிவிடும். ஒரு மொழிக்குப் பத்து விநாடி என்றால் மூன்றும் அரை நிமிடம் அளவில் முடியும், பிறகு முதலிலிருந்து ஓடும். ஒரே ஆள் மூன்று மொழியையும் வாசிக்கக் கூடாது. சிங்களத்தைச் சிங்களம் வீட்டுமொழியாக உள்ளவர் வாசிக்கட்டும், ஆங்கிலத்தை இன்னொருவர். குரல் மாறினால், தன் மொழி வரப்போகிறது என்று காது தயாராகும். முன்னால் ஒரு கவன ஒலி, 4 முதல் 10 விநாடி வரை; பிறகு ஒரு விநாடியாவது மௌனம், அதற்குப் பின்தான் சொல். அந்த மௌனத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மணியின் முழக்கம் 'கவனியுங்கள்' என்பதை மூடிவிடுகிறது. நெருப்புக்கும் சுனாமிக்கும் கவன ஒலி வெவ்வேறாக இருக்க வேண்டும்.

பதிவை எங்கே செய்வது? உங்கள் ஹோட்டலிலேயே அருமையான ஒலிப்பதிவு அறை இருக்கிறது. படுக்கை விரிப்பும் துவாயும் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கும் துணி அறை. கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் நின்று கை தட்டிப் பாருங்கள், சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துவிடும். வரவேற்புக் கூடத்தில் பதிவு செய்தால் அந்தக் கூடத்தின் முழக்கமும் பதிவில் ஏறி, மண்டபத்தில் ஒலிக்கும்போது முழக்கத்துக்கு மேல் முழக்கமாகும்.

மைக்கிலிருந்து ஒரு கை விரல்களை அகல விரித்த ஒரு சாண் தூரம். நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசுங்கள், இல்லையென்றால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். உயர்த்திய குரல் நல்லது, கத்தல் ஆகாது. கத்தும்போது உயிர்தான் வீங்கும், மெய் அதே அளவில் நிற்கும், ஆகவே கத்துகிற பேச்சு இன்னும் குறைவாகவே விளங்கும். அசை அசையாக உடைக்காமல் சொல்லின் கடைசி எழுத்து வரை முழுதாகச் சொல்லி முடியுங்கள். நம்மில் பலர் வசனம் முடியுமுன் மூச்சை விட்டுவிடுகிறோம். மேடையில் பேசிப் பழகியவர்களிடம் கவனித்துப் பாருங்கள், கடைசி அசை முதல் அசையைப் போலவே விழும்.

ஆண் குரல் விஷயத்தில் உங்கள் முகாமையாளருக்கு மரியாதையோடு இதைச் சொல்லுங்கள். ஆண் குரலில் கூடுதலாக இருப்பது கீழ் சுருதி. வெறும் டைல்ஸும் கண்ணாடியுமான மண்டபத்தில் முழங்கி மற்றதை மூடுவதும் அந்தக் கீழ் சுருதிதான். மெய்யைத் தெளிவாக உச்சரிக்கிறவர் யாரோ அவர் பேச வேண்டும். உங்கள் இடத்தில் மூன்று பேரை வைத்து ஒரே செய்தியைப் பதிவு செய்து, யார் என்று சொல்லாமல் மண்டபத்தில் ஓடவிடுங்கள். பின்வரிசையில் நிற்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

இப்போது மண்டபம். நீங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். கன அளவு 1,960 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர். டைல்ஸ், பூச்சு, கண்ணாடி மூன்றும் தம்மேல் விழும் சத்தத்தில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கைத்தான் விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 1890களின் கடைசியில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சபைன் என்ற இயற்பியலாளர் ஒரு மோசமான விரிவுரை மண்டபத்தில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எடுத்து, திரும்ப அடுக்கிக் கண்டுபிடித்த சூத்திரம் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகிறது: கன அளவை 0.161 ஆல் பெருக்கி, விழுங்கும் பரப்பால், அதாவது மொத்தப் பரப்பில் நூற்றுக்கு அந்த ஐந்து, ஆறு பங்கால், வகுக்க வேண்டும். உங்கள் வெறும் மண்டபத்துக்கு அது நான்கு விநாடியைத் தாண்டுகிறது. அதாவது ஒரு சத்தம் முற்றாக ஓய நான்கு விநாடிக்கு மேல். நாம் ஒரு விநாடிக்கு நாலைந்து அசை பேசுகிறோம். நீங்கள் 'வாருங்கள்' என்று சொல்லும்போது முன்னே சொன்ன பதினைந்து, இருபது அசைகள் இன்னும் காற்றில் மிதந்துகொண்டிருக்கின்றன.

இந்த நிலையில் பெரிய ஆம்பிளிபயர் என்ன செய்யும்? வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு), காதுக்கு அது சின்ன வித்தியாசம். அதைவிட முக்கியம், உங்கள் குரலைக் கூட்டும்போது முழக்கமும் அதே அளவு கூடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். உப்புக் கூடிய குழம்பை இன்னும் பெரிய சட்டியில் அப்படியே ஊற்றுவது போல.

பின்சுவரில் இரண்டு ஸ்பீக்கர் என்ற யோசனை இன்னும் கெடுக்கக்கூடும். நம் ஊர் வெக்கையில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். பின்வரிசையில் இருப்பவருக்குப் பின் ஸ்பீக்கரின் சொல் உடனே வரும். மேடையிலிருந்து அதே சொல் 28 மீட்டர் கடந்து 80 மில்லி விநாடி பிந்தி வரும். இடைவெளி 50 மில்லி விநாடியைத் தாண்டினால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காது, இரண்டு பேர் முன்பின்னாகப் பேசுவது போலிருக்கும். பின் ஸ்பீக்கர் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்குப் போகும் ஒலியை அதே 80 மில்லி விநாடி பிந்த வைக்க வேண்டும். பூட்டுகிறவர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் வேலையைக் கொடுக்காதீர்கள்.

காசைச் சீலிங்கில் போடுங்கள். 392 சதுர மீட்டர் கூரைக்குக் கீழே சத்தத்தை விழுங்கும் கனிம நார்த் தகடு போட்டால், நல்ல ரகம் தன்மேல் விழுவதில் நூற்றுக்கு எழுபது பங்கை விழுங்கும். அதே சூத்திரத்தில் போட்டால் நான்கு விநாடி ஒரு விநாடிக்கு இறங்குகிறது. கண்ணாடிப் பக்கத்துக்குக் கனமான திரையும் போட்டால் இன்னும் நல்லது; மெல்லிய லேஸ் திரையால் பயனில்லை. அதே சீலிங்கில் சின்ன ஸ்பீக்கர்களை ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு மூன்று, 18 ஆகப் போட்டு மெதுவாகப் பேசவிடுங்கள். காதுக்குக் கிட்ட நின்று மெதுவாகச் சொல்வது தூர நின்று கத்துவதைவிட எப்போதும் விளங்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தனி வயரில் இணையுங்கள், ஒரு வயர் வெந்தாலும் மற்றப் பாதி பேசும். ஆம்பிளிபயரில் கீழ் சுருதியை வெட்டச் சொல்லுங்கள், எச்சரிக்கைக்கு இடிமுழக்கம் தேவையில்லை.

கல்யாண நாள் வேறு கதை. 300 பேர் நிறைந்தால் அவர்களுடைய உடம்பும் உடுப்புமே சத்தத்தை விழுங்கி முழக்கத்தை நன்றாகக் குறைத்துவிடும், ஆனால் இரைச்சல் ஏறிவிடும். இரைச்சலைவிட 10 டெசிபெல்லாவது மேலே குரல் நிற்க வேண்டும். பாட்டுப் போடுகிறவரின் பிளக் பொயின்ட்டை எச்சரிக்கைக் கருவியோடு இணைத்து, மணி அடித்ததும் கரண்ட் அறும்படி செய்யலாம். சின்ன வேலைதான், ஆனால் இதைப்போல் பயன் தருவது வேறில்லை. நாதஸ்வரத்தையும் தவிலையும் வயரால் அறுக்க முடியாது. மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் பணியாளர் ஒருவருக்கு, போய் வித்துவான் முன்னால் கையை உயர்த்திக் காட்டுவதே வேலை என்று எழுதிக் கொடுங்கள். சமையலறையிலும் அப்படித்தான், புகைபோக்கி விசிறி ஓடும்போது எந்த ஸ்பீக்கரும் தோற்கும். அங்கே சுழல் விளக்கொன்று போடுங்கள். காது கேளாதவருக்கும் அதுதான் அறிவித்தல்.

அளந்து பார்க்காமல் எவருக்கும் முழுக் காசைக் கொடுக்காதீர்கள். பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதற்கு எஸ்.டி.ஐ. என்ற அளவு இருக்கிறது. நெதர்லாந்தில் 1970களில் உருவாக்கியது, பூச்சியத்திலிருந்து ஒன்று வரை போகும். குரல் எச்சரிக்கைக்கு உலகெங்கும் பொதுவாகக் கேட்பது 0.5. ஸ்பீக்கரில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, கைக்கருவியோடு ஒவ்வோர் இடத்திலும் கால் நிமிடம் போல நின்றால் எண் வந்துவிடும். கருவி பூட்டியவரிடம் "எத்தனை வாட்?" என்று கேட்காமல் "எஸ்.டி.ஐ. எவ்வளவு, எந்த எந்த இடத்தில்?" என்று கேளுங்கள்.

அதற்கு முன்னமே நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. ஒருவர் மைக்கில் "இப்போது எழுதுங்கள்" என்று சொல்லி ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் தாளும் பேனையுமாகத் தூணுக்குப் பின்னால், கழிப்பறைக்குள், படிக்கட்டு வளைவில், குளிரூட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். வெளி, வழி, வலி, இருபது, அறுபது, நாலு, ஏழு, சிவப்பு, கறுப்பு, வேண்டும், வேண்டாம் என்று ஒழுங்கில்லாமல் கலந்து நாற்பது சொல். "இப்போது எழுதுங்கள்" என்பதை விடாதீர்கள், அதன் முழக்கம் சொல்லின் மேல் விழ வேண்டும், நிஜத்திலும் அப்படித்தான் விழும். ஊழியர்கள் மட்டும் போதாது, வயதான ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தாள்களைத் திருத்தும்போது மொத்தப் புள்ளியைவிட, எந்த இடத்தில் நின்றவர் எந்தச் சொல்லை எதுவாக எழுதினார் என்பதைப் பாருங்கள்.

தோட்டத்தையும் நீச்சல் தடாகத்தையும் பற்றிச் சுருக்கமாக. வெளியே முழக்கம் இல்லை, ஆனால் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபெல் இறங்கும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கு மேலும் போகும். ஒரு பெரிய கூம்புக்குப் பதிலாகச் சின்னதாக மூன்று நான்கு. கடற்காற்றில் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், மாரி தொடங்குமுன் கழற்றித் துடைக்க வேண்டும். பற்றரி, கரண்ட் இல்லாமல் 24 மணித்தியாலம் காத்திருந்து, அதற்குப் பின் அரை மணித்தியாலம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். புயல் இரவில் முதலில் போவது கரண்ட்தான்.

நேரடியாக மைக்கில் பேச வேண்டி வந்தால், முதல் ஒரு நிமிடம் பதிவு ஓடட்டும். அந்த நேரத்தில் எந்தப் படிக்கட்டு திறந்திருக்கிறது, எதில் புகை என்று கேட்டறிந்து, பிறகு நீங்கள் பேசுங்கள். உங்கள் தலைக்கு மேலே உள்ள வரவேற்புக் கூட ஸ்பீக்கர் நீங்கள் பேசும்போது தானாக நிற்க வேண்டும், இல்லையென்றால் கீச்சென்று கூவும். புதிய தகவலை இரண்டு தரம் சொல்லுங்கள், இரண்டாம் தரமும் அதே சொற்களில்.

துணி அறைப் பதிவு முடிந்ததும் அதையும், பத்துப் பேரின் தாள்களையும் படம் பிடித்து அனுப்புங்கள். எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.